வயிற்றுவார்

கிளினிக் கார்டின் முதல் பக்கத்திலேயே அந்தக் கேள்வி இருக்கிறது. இது எத்தனையாவது கர்ப்பம்? மிட்வைஃப் அக்கா பேனையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். "ரெண்டாவது" என்றேன். "பிள்ளைகள்?" "இல்லை." அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பெட்டிக்குள் 2, அடுத்த பெட்டிக்குள் 0 என்று எழுதிவிட்டு என் முழங்கையை ஒருதரம் பிடித்து விட்டார். அந்தப் பிடி போதுமாக இருந்தது.

இப்போது எனக்கு 31 கிழமை. மட்டக்களப்புப் பக்கம் சித்தாண்டியில் அம்மாவின் வீட்டுக்கு முன் விறாந்தையில் காலை ஒரு கதிரையில் தூக்கிப் போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். பத்து வருடமாக, முட்டையும் விந்தும் உண்டாகும் கலப்பிரிவான ஒடுக்கற்பிரிவையும் மாதவிடாய் வட்டத்தையும் கரும்பலகையில் வரைந்து வந்திருக்கிறேன். அதெல்லாம் என் வயிற்றுக்குள்ளும் நடக்கிறது என்று இந்த இரண்டு வருடத்தில்தான் உறைத்தது. தெரிந்ததை எழுதி வைத்தால், என்னைப் போல் இரவில் முழித்துக் கிடந்து தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருக்கும் யாருக்காவது உதவும் என்று நினைக்கிறேன்.

முதல் கர்ப்பம் 2023 ஐப்பசியில் ஒன்பதாம் கிழமையில் போய்விட்டது. ஸ்கானில் நெஞ்சுத் துடிப்பு இல்லை என்றார்கள். வீட்டுக்கு வந்து மூன்று நாள் கதவைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு சனம் பார்க்க வந்தது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணத்தோடு வந்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு ஸ்கூட்டியில் போனது என்றார் ஒருவர். பப்பாசிப்பழம் என்றார் இன்னொருவர். ஒரு கல்யாண வீட்டில் நான் அன்னாசி தின்றதை நினைவு வைத்திருந்து சொன்னார் சொந்தக்காரர் ஒருவர். யாரும் கெட்ட மனத்தோடு சொல்லவில்லை. காரணம் இல்லாத துக்கத்தைத் தாங்குவது அவர்களுக்கும் கஷ்டம். ஆனால் எல்லாக் காரணமும் நான் செய்த ஏதோ ஒன்றாகவே இருந்தது. பகலில் நான் உயிரியல் ஆசிரியை. இரவில் படித்த படிப்பு ஒன்றும் கைகொடுக்கவில்லை. மாவடிவேம்புப் பக்கம் அந்தப் பள்ளத்தில் ஸ்கூட்டி விழுந்து எழும்பியதை ஆயிரம் தரம் நினைத்திருப்பேன்.

ஒரு நாள் வகுப்பில் ஒடுக்கற்பிரிவு படிப்பித்துக்கொண்டிருந்தேன். சோடி சோடியாக நிற்கும் நிறமூர்த்தங்களை, அதாவது குரோமோசோம்களை, வரைந்துவிட்டு, "பெண்ணில் இந்தப் பிரிவு இந்த இடத்தில் நின்றுவிடும்" என்று சொன்னபோது என் கை நின்றது. எவ்வளவு காலம் நிற்கும் என்பதை நான் அதுவரைக்கும் ஒரு மதிப்பெண் விடையாகத்தான் சொல்லி வந்திருக்கிறேன்.

ஒரு பெண்ணின் முட்டைகள் அவள் பெரியபிள்ளை ஆன பிறகு உண்டாவதில்லை. அவள் தன் தாயின் வயிற்றுக்குள் இருக்கும்போதே உண்டாகிவிடுகின்றன. ஏறக்குறைய 20 கிழமையில், அந்தச் சின்ன உடம்பின் சூலகங்களில் 60 முதல் 70 இலட்சம் வரை இருக்கும். அதுதான் உச்சம். அதற்குப் பிறகு குறைந்துகொண்டே வரும். பிறக்கும்போது 10 முதல் 20 இலட்சம், சாமத்தியப்படும்போது மூன்று நான்கு இலட்சம். அதில் வாழ்நாள் முழுவதும் வெளியே வருவது நானூறோ ஐந்நூறோ. ஒவ்வொரு முட்டையும் தாய் வயிற்றிலேயே முதலாம் ஒடுக்கற்பிரிவைத் தொடங்கி, பாதியில் நின்று, காத்திருக்கிறது. பதின்மூன்று வருடம் காத்திருக்கலாம், நாற்பது வருடமும் காத்திருக்கலாம். தன் முறை வரும் மாதத்தில், வெளியேறுவதற்குச் சில மணித்தியாலங்களுக்கு முன்புதான் அந்தப் பிரிவை முடிக்கும். இரண்டாம் பிரிவும் தொடங்கி மறுபடி நிற்கும். விந்து உள்ளே வந்தால்தான் அதுவும் முடியும்.

இத்தனை வருடமும் சோடி நிறமூர்த்தங்களைப் பிரியாமல் சேர்த்துப் பிடித்து வைத்திருப்பது கொஹீசின் என்ற புரதம். முட்டைக்கு வயது ஏற ஏற அந்தப் பிடி தளர்கிறது. பிரிய வேண்டிய நேரத்தில் ஒரு சோடி ஒழுங்காகப் பிரியாமல் ஒரே பக்கம் போய்விட்டால், கருவுக்கு 46க்குப் பதிலாக 47 அல்லது 45 நிறமூர்த்தங்கள் வந்துவிடும். அப்படிப்பட்ட கருக்களில் பெரும்பாலானவை முதல் மூன்று மாதத்துக்குள் நின்றுவிடுகின்றன. ஆரம்பத்தில் கலையும் கர்ப்பங்களில் ஏறக்குறைய பாதிக்கு இதுதான் காரணம். தெரியவந்த கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது கலைந்து போகின்றன என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஒவ்வொரு ஒழுங்கையிலும் ஒரு வீட்டில் இது நடந்திருக்கும். சொல்லியிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

என்னுடையது அந்தப் பாதிக்குள்ளா என்று பரிசோதித்துப் பார்க்கவில்லை. ஆனால் பழுத்த பப்பாசி ஒரு நிறமூர்த்தச் சோடியைப் பிரியவிடாமல் தடுக்காது. ஸ்கூட்டியும் தடுக்காது. அப்படியொரு பிழை நடந்திருந்தால், கர்ப்பம் என்று எனக்குத் தெரியவருவதற்கு முன்பே நடந்திருக்கும். அன்று வகுப்பு முடிந்து ஆசிரியர் அறையில் போய் இருந்து அழுதேன். அது வேறு மாதிரி அழுகை.

இனி எங்கள் பக்கத்துக் குடி, அதாவது தாய்வழிக் குலம் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் பெத்தாவுக்கு, அம்மாவின் அம்மாவுக்கு, 82 வயது. கண் மங்கிவிட்டது, வாய் மங்கவில்லை. வீட்டுக்கு யார் புதிதாக வந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "நீ எந்தக் குடி, மகள்?" மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளியூர் ஆட்களுக்காகச் சொல்கிறேன். இங்கே தமிழருக்கும் சரி, முஸ்லிம்களுக்கும் சரி, குடி தாய் வழியாகத்தான் வரும். அப்பா எந்தக் குடி என்பது பிள்ளைக்கு ஒட்டாது. உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாட்சி குடி என்று எந்தப் பெயராக இருந்தாலும் அம்மாவுடையதுதான் பிள்ளையுடையது. ஒரே குடிக்குள் கல்யாணம் பேச மாட்டார்கள். கோயில் திருவிழாவில் யாருக்கு எந்த நாள் என்பதும் பல ஊர்களில் குடியை வைத்துத்தான். வீடும் மகளுக்குத்தான் கட்டிக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை வந்து அங்கே இருப்பார். குடிக்குள்ளேயே ஒரு தாயின் வயிற்றிலிருந்து கிளைத்து வந்தவர்களை வயிற்றுவார் என்று சொல்வது வழக்கம்.

வயிற்றுவார். சின்ன வயதில் அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்குக் கூச்சமாக இருக்கும். இப்போது அதைவிடச் சரியான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

ஏனென்றால் நம் கலங்களில் உண்மையாகவே தாய் வழியாக மட்டும் போகும் ஒரு பொருள் இருக்கிறது. கலத்தின் கருவுக்கு (நியூக்கிளியசுக்கு) வெளியே, கலத்துக்குச் சக்தி தரும் இழைமணிகளுக்குள் (மைட்டோகொண்ட்ரியா), ஒரு சின்ன வளையமாகக் கிடக்கும் டி.என்.ஏ. மனிதனில் அதன் நீளம் 16,569 மூலச்சோடிகள், அதில் 37 பரம்பரையலகுகள், அதாவது ஜீன்கள். 1981ல் கேம்பிரிட்ஜில் அதன் முழு வரிசையையும் வாசித்தார்கள். விந்திலும் இழைமணி உண்டு. ஆனால் முட்டைக்குள் போன பிறகு அதை முட்டையே அழித்துவிடும். ஆகவே என் இழைமணி அம்மாவுடையது. அம்மாவுடையது பெத்தாவுடையது. பெத்தாவுக்கு முன்னால் பெயர் தெரியாத எத்தனையோ பெண்கள். என் மாமாவுக்கும் அதே இழைமணிதான், ஆனால் அவர் பிள்ளைகளுக்கு அது போகவில்லை. அவர்களுக்கு மாமியுடையது போனது. குடியும் அப்படித்தான். மாமாவின் குடி பெத்தாவின் குடி, மாமாவின் பிள்ளைகளின் குடி மாமியின் குடி. நுண்ணோக்கி பார்க்காத சனம் வைத்திருந்த கணக்கும் இழைமணியின் கணக்கும் ஒரே தடத்தில் போவதைப் பார்க்கும்போது எனக்கு இன்றைக்கும் மயிர் கூச்செறியும்.

இதைப் பெத்தாவுக்குச் சொல்லிக் கொடுக்க முயன்றேன். "பெத்தா, நீங்க அம்மாவை வயித்தில வச்சிருக்கக்குள்ள, அம்மாட வயித்துக்குள்ள என்ட முட்டையும் இருந்திச்சு. அப்ப என்னையும் நீங்கதான் சுமந்திருக்கிறீங்க." பெத்தா வெற்றிலையை மென்றுகொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். "அப்ப உன்ட பாரத்துக்கும் சேத்துத்தான் எனக்கு அந்த நேரம் இடுப்பு நொந்திருக்கு" என்றார். நான் சொன்னதை அவர் நம்பினார் என்று நினைக்கிறேன்.

ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் நான் ஆசிரியையே இல்லை. அந்த 37 பரம்பரையலகுகள் ஒரு கைப்பிடி மட்டும்தான். கலத்தின் கருவுக்குள் இருக்கும் ஏறக்குறைய 20,000 பரம்பரையலகுகள் அம்மாவிடமிருந்தும் அப்பாவிடமிருந்தும் பாதி பாதியாக வருகின்றன. அதற்குக் குடி தெரியாது. இந்த இடத்தில்தான் என் சொந்தக் கதை வருகிறது.

என் கணவர் என் மாமா மகன். மச்சானைக் கல்யாணம் முடிப்பது எங்கள் பக்கம் புதினம் இல்லை. குடி வேறு, ஆகவே முறை சரி. போன வருடம் வகுப்பில், தாய் தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் பழுது வந்தால்தான் தலைகாட்டும் பின்னிடைவான நோய்களுக்குக் குடிவழி வரைபடம் வரையப் படிப்பித்தபோது, முன் வாங்கிலிருந்த ஒரு பிள்ளை கையை உயர்த்தினாள். "டீச்சர், பெரியம்மாட மகனை முடிக்கக் கூடாது, மாமாட மகனை முடிக்கலாம் எண்டுதானே வீட்டில சொல்றாங்க. பரம்பரையலகுக் கணக்கில ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?" நல்ல கேள்வி. விடை: ஒரு வித்தியாசமும் இல்லை. பெரியம்மா மகனோ மாமா மகனோ, இருவருக்கும் பொதுவாகப் பரம்பரையலகுகளில் சராசரியாக எட்டில் ஒரு பங்கு உண்டு. குடி ஒருவரை அண்ணனாக்குகிறது, இன்னொருவரை மச்சானாக்குகிறது. கலத்துக்கு இருவரும் ஒன்றே.

அதனால் மச்சானை முடித்தவர்கள் பயந்து சாக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் நூற்றுக்கு இரண்டு மூன்று பிள்ளைகளுக்குப் பிறவிக் குறை ஏதாவது இருக்கும். மச்சானை முடித்தவர்களுக்கு அது இன்னும் இரண்டு மூன்று கூடும். அதாவது பெரும்பாலான பிள்ளைகள் சுகமாகத்தான் பிறக்கின்றன. ஆனால் கூடுகிற அந்த இரண்டு மூன்று எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருப்பது நல்லது. ஒரு பழுதான பரம்பரையலகு ஒருவரிடம் ஒன்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, நல்ல சோடி அதை மறைத்துவிடும். ஒரே பெத்தாவிடமிருந்து அதே பழுது இரண்டு பேருக்கும் வந்திருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு வாய்ப்பு, இரண்டு பழுதும் சேர்ந்து வருவதற்கு. தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் அப்படித்தான் வருகிறது.

முதல் கிளினிக்கில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் எனக்கு எம்.சீ.வீ. 74 என்று வந்தது. செங்குருதிக்கலத்தின் அளவைச் சொல்லும் எண் அது, 80க்கு மேல் இருக்க வேண்டும். கலங்கள் சின்னதாக இருப்பதற்கு இரும்புச்சத்துக் குறைவும் காரணமாகலாம், தலசீமியாப் பழுது ஒன்றை மட்டும் காவுவதும் காரணமாகலாம். டொக்டர் சாதாரணமாகத்தான் சொன்னார். "உங்கட ஹஸ்பண்டையும் ஒருக்கா இரத்தம் குடுக்கச் சொல்லுங்க." நானும் அவரும் வீட்டுக்கு வரும் வழியில் ஒரு சொல் பேசவில்லை. எனக்குள் ஓடியதெல்லாம் அந்த நாலில் ஒன்று. ஒரே பெத்தா எங்கள் இரண்டு பேருக்கும் பெத்தா. என் அம்மாவின் அம்மா, அவருக்கு அப்பாவின் அம்மா. பெத்தாவிடமோ மூத்தப்பாவிடமோ அது இருந்திருந்தால்?

நாலு நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. அவருக்கு 88, ஒரு பிசகும் இல்லை. அவர் பழுதைக் காவுகிறவர், அதாவது காவி, இல்லை என்றால் என்னிடம் என்ன இருந்தாலும் பிள்ளைக்கு அந்தக் கடும் தலசீமியா வராது, அதிகம் போனால் என்னைப் போல் ஒரு காவியாக இருக்கும். என் இரத்தத்தை மேலும் பரிசோதித்ததில், உடம்பில் சேமித்திருக்கும் இரும்பைக் காட்டும் பெரிட்டின் குறைவு என்று வந்தது, இரும்புச்சத்துக் குறைவுதான். அன்றிரவு அவர் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். அவரும் நாலு நாளாகச் சாப்பிடவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இதைக் கல்யாணத்துக்கு முன்பே செய்திருக்கலாம். ஒரு சின்னச் சிரிஞ்ச் இரத்தம். சாதகம் பார்க்க எவ்வளவு தூரம் போகிறோம். என் மாணவிகள் எல்லாரிடமும் இதை நான் கெஞ்சிக் கேட்டிருக்கிறேன், இங்கேயும் கேட்கிறேன். கல்யாணம் பேசும்போதே இரண்டு பேரும் போய் இரத்தத்தைப் பாருங்கள். மச்சானை முடிக்கிறவர்கள் கட்டாயம் பாருங்கள்.

மாதவிடாய் வட்டத்தைப் பற்றியும் ஒரு பிழையைத் திருத்த வேண்டும். அந்தப் பிழையை நானே என் உடம்பில் செய்தேன். பாடப்புத்தகத்தில் 28 நாள் வட்டம், 14ஆம் நாள் முட்டை வெளியேறும். அந்த வரைபடத்தை நான் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். என் வட்டம் 33 நாள். ஆனால் முதல் பிள்ளைக்காகக் காத்திருந்த காலத்தில் சுவரில் தொங்கிய கலண்டரில் 14ஆம் நாளைத்தான் வட்டம் போட்டு வைத்திருந்தேன். எத்தனை மாதம் அப்படிப் போனது.

நடப்பது இதுதான். ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு கூட்டம் முட்டைகள் வளரப் பார்க்கும். ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு புடைப்பு, அதற்குள் நீர். அதில் ஒன்று முந்திக்கொள்ளும், மற்றவை வாடிவிடும். முந்திய புடைப்பு ஈஸ்திரசனை ஊற்றிக்கொண்டே வந்து ஓர் அளவைத் தாண்டியதும், மூளையின் அடியிலுள்ள கபச் சுரப்பி எல்.எச். என்ற ஓமோனை ஒரேயடியாக விடும். அது தொடங்கி ஏறக்குறைய 36 மணித்தியாலத்தில் முட்டை வெளியே வரும். வெடித்த புடைப்பு மஞ்சட் சடலமாகி, புரொஜெஸ்தரோனைச் சுரந்து கருப்பையின் உட்சுவரை மெத்தை போல வைத்திருக்கும். கரு தங்கவில்லை என்றால் மஞ்சட் சடலம் ஏறக்குறைய 14 நாளில் சுருங்கும், மெத்தை உதிரும், குளிக்க வேண்டிய நாள் வரும்.

ஆகவே பெரிதாக மாறாமல் இருப்பது பின்பாதிதான். கூடுவதும் குறைவதும் முன்பாதி. 33 நாள் வட்டத்தில் முட்டை வருவது 19ஆம் நாள் அளவில், 14இல் அல்ல. அடுத்த மாதவிடாயிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். முட்டை உயிரோடு இருப்பது ஒரு நாளுக்குள், விந்து ஐந்து நாள் வரை தாங்கும். இந்த எண்ணிக்கையைப் பிள்ளைக்காக ஏங்கும் எந்தப் பெண்ணுக்கும் சொல்லுங்கள். கணக்குப் பிழையாக இருந்ததற்கு "உனக்குத்தான் குறை" என்று கேட்டுக்கொண்டிருப்பவர்கள் எத்தனை பேர்.

கேட்டுக்கொண்டிருப்பது என்றதும் அம்மா நினைவுக்கு வருகிறார். அம்மாவுக்கு மூன்றும் பெண். மூன்று பெண் என்றால் எங்கள் பக்கம் மூன்று வீடு கட்ட வேண்டும். அப்பாவின் ஆட்கள் சிலர் அம்மாவை "பொம்பிளைப் பிள்ளையாப் பெத்துப் போட்டவ" என்று சொன்னதை நான் சின்ன வயதில் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறேன். 1905இல் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற பெண் விஞ்ஞானி மாப்புழுவின் கலங்களைப் பார்த்து, ஆணா பெண்ணா என்பதை விந்தில் வரும் நிறமூர்த்தம் தீர்மானிக்கிறது என்று காட்டினார். மனிதரிலும் அதுதான். அம்மாவின் முட்டை எதுவானாலும் எக்ஸ் நிறமூர்த்தம் ஒன்றைத்தான் தரும். பெண்ணாக்கும் எக்ஸோ ஆணாக்கும் வையோ கொண்டு வந்தது அப்பாவின் பக்கம். இதை நான் படித்துவிட்டு வந்து சொன்ன நாளில் அம்மா அடுப்படியில் கருவாடு பொரித்துக்கொண்டிருந்தார். "அப்பிடியா?" என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "அப்பிடியா?" என்றார்.

இந்தப் பிள்ளை ஆணா பெண்ணா என்று எனக்குத் தெரியாது. ஸ்கானில் கேட்கவும் இல்லை.

என் உடம்பு இப்போது எனக்குப் பழக்கமான உடம்பு இல்லை. மூன்றாம் மாடிக்கு ஏறுவது போல மூச்சு வாங்குகிறது, கரும்பலகைக்கு முன்னால் நின்று ஒரு வரி எழுதினாலே. முதலில் பயந்தேன். புரொஜெஸ்தரோன் மூளையிலுள்ள மூச்சு மையத்தைத் தூண்டி ஆழமாக மூச்சு எடுக்க வைக்கிறது என்று பிறகு வாசித்தேன். அதே ஓமோன்தான் இரைப்பையின் மேல்வாயைத் தளர்த்தி நெஞ்செரிவைத் தருகிறது, குடலை மெதுவாக்கி மலச்சிக்கலையும் தருகிறது. இரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி மடங்கு கூடுகிறது. ஆனால் நீர்ப்பகுதி கூடுகிற அளவுக்குச் செங்குருதிக்கலம் கூடாது, ஆகவே ஈமோகுளோபின் இறங்கும். எனக்கு 12.1இல் தொடங்கி 28ஆம் கிழமையில் 10.8. பதினொன்றுக்குக் கீழே என்று மிட்வைஃப் அக்கா சிவப்புப் பேனையால் கோடு போட்டார்.

இரும்புக் குளிசையை நான் காலையில் பிளேன்டீயோடு விழுங்கிக்கொண்டிருந்தேன். அதுதான் பிழை. தேயிலை இரும்பு உடம்பில் சேர விடாது. கல்சியக் குளிசையையும் அதோடு சேர்த்துப் போடக் கூடாது. இப்போது இரும்பை இரவில் வைட்டமின் சீயோடு போடுகிறேன், கல்சியத்தைப் பகல் சாப்பாட்டோடு. முருங்கையிலைச் சுண்டலுக்கு அம்மா தேசிக்காய் பிழிந்து தருவார். கிளினிக்கில் தரும் சத்துமாவான திரிபோஷாவில் சீனி, தேங்காய்ப்பூ போட்டு உருட்டித் தருவதும் அம்மாதான், எனக்கு அது பிடிக்கும்.

கருப்பை என்பது வெறுமையாக இருக்கும்போது ஒரு பேரிக்காய் அளவு, அறுபது எழுபது கிராம். பேறு காலத்தில் அது தனியாகவே ஒரு கிலோ அளவுக்கு வந்துவிடும், பிள்ளை, நீர் எல்லாம் சேர்க்காமல். 12ஆம் கிழமையில் இடுப்பெலும்புக்கு மேலே எட்டிப் பார்க்கும், 20இல் தொப்புள் மட்டம், 36இல் நெஞ்செலும்பின் அடி. மிட்வைஃப் அக்கா நாடாவால் அளப்பது இதைத்தான். தொப்புளிலிருந்து கீழே ஒரு கறுப்புக் கோடு விழுந்திருக்கிறது. கன்னத்தில் மங்கு. பல் விளக்கினால் முரசில் இரத்தம் வருகிறது. செருப்பு ஒரு அளவு கூட்டி வாங்கினேன். இதெல்லாம் சாதாரணம். ஆனால் காலோடு முகமும் கையும் திடீரென வீங்கினால், தலையிடி விடாமல் இருந்தால், கண் மங்கினால், அது பிரஷர் ஏறியதன் அடையாளமாக இருக்கலாம், அன்றைக்கே போக வேண்டும். "பிள்ளைத்தாச்சிக்குக் கால் வீங்கும்தானே" என்று இருந்துவிடக் கூடாது.

சீனிப் பரிசோதனைக்கு 26ஆம் கிழமையில் போனேன். வெறும் வயிற்றில் இரத்தம், பிறகு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீர், இரண்டு மணித்தியாலம் வாங்கில் இருந்து மறுபடி இரத்தம். அம்மாவுக்குச் சீனி வருத்தம் இருப்பதால் எனக்குப் பயம். நச்சுக்கொடி, நாங்கள் வகுப்பில் சூல்வித்தகம் என்று சொல்வது, பிள்ளைக்குச் சாப்பாடு போக வேண்டும் என்பதற்காகத் தாயின் இன்சுலினை மந்தமாக்கும் ஓமோன்களைச் சுரக்கிறது. தாயின் சதையி அதை ஈடுகொடுக்க முடியாவிட்டால் சீனி ஏறிவிடும். எனக்கு ஏறவில்லை. அந்த நச்சுக்கொடி என் வயிற்றுக்குள் இருந்தாலும் பெரும்பாலும் பிள்ளையின் கலங்களால் ஆனது, அதில் பாதி என் மச்சானின் பரம்பரையலகு. குடி கொடுக்காத பங்கை அப்பா அங்கே கொடுக்கிறார் என்று அவரிடம் சொன்னேன். அவர் சந்தோசப்பட்டார்.

அந்த நச்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளையின் கலங்கள் சில தாயின் இரத்தத்துக்குள் வந்துவிடும். 1996இல் வெளியான ஓர் ஆய்வில், ஆண் பிள்ளை பெற்ற ஒரு தாயின் இரத்தத்தில் 27 வருடம் கழித்தும் ஆண் கலங்கள் இருந்ததைக் கண்டார்கள். கர்ப்பத்தின் ஆரம்பக் கிழமைகளிலேயே இந்தப் போக்குவரத்து தொடங்கிவிடுகிறது. இதை நான் ஒரு இரவு வாசித்துவிட்டு அவரை எழுப்பினேன். அந்த ஒன்பது கிழமைப் பிள்ளையின் கலங்களும் என்னுள் எங்காவது இருக்கக்கூடும். அவர் ஒன்றும் சொல்லவில்லை, கையை என் வயிற்றில் வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தார்.

கிளினிக் கார்டில் குடும்ப வரலாறு நிரப்ப வேண்டியிருந்ததால் போன மாதம் அம்மாவிடம் என்னைச் சுமந்த காலத்தைப் பற்றிக் கேட்டேன். நான் பிறந்தது 1990 மார்கழி. அந்த வருடம் ஆனியில் சண்டை மறுபடி மூண்டதும் எங்கள் சுற்று ஊர்ச் சனம் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் போய் இருந்தது. புரட்டாதி (செப்டெம்பர்) 5ஆம் திகதி இராணுவம் அங்கிருந்து 158 பேரைப் பிடித்துக் கொண்டு போனது, அவர்கள் திரும்பி வரவில்லை. அம்மா அந்த நாட்களைப் பற்றிப் பேச மாட்டார். நானும் கேட்டதில்லை. நான் கேட்டது சீனி, பிரஷர் இருந்ததா என்றுதான்.

"அதெல்லாம் ஆர் பார்த்த? கம்பஸிலதானே கிடந்தம்" என்றார். பிறகு தானாகவே சொன்னார். ஆவணி முதல் கிழமை. விரிவுரை மண்டபம் ஒன்றின் சீமெந்துத் தரையில் சாக்கு விரித்துப் படுத்திருந்தாராம். பகல் ஒரு கோப்பை கஞ்சிதான். பெத்தா பக்கத்தில் இருந்து பழைய சீலைத் துண்டால் விசிறிக்கொண்டிருந்தாராம். "பொழுதுபடக்குள்ள உள்ளுக்க மீன் துடிக்கிறமாதிரி ஒண்டு. பசியாக்கும் எண்டு நினைச்சன். பெத்தா கையை வச்சுப் பாத்துட்டு, இல்லகா, பிள்ளை அசையுது எண்டா. அங்கதான் நீ முதல் அசைஞ்ச."

நான் மனதுக்குள் கிழமையை எண்ணிப் பார்த்தேன். இருபது.

இந்தப் பிள்ளை என் வலப்பக்க விலாவில் உதைத்துக்கொண்டிருக்கிறது. அம்மாவின் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். பெத்தா உள்ளேயிருந்து, "அசையுதா?" என்று கேட்டார்.